மூணு சென்ட் ஸ்டாம்ப்பும் மூல ஓலையும்

திருநாவலூரில் ஒரு காதுகுத்து விசேஷம். மூன்று கரண்டி பாயசத்தின் பலனாகத் திண்ணையில் சரிந்து கண்ணை மூடியிருந்தேன்.

“மாமா, தூங்கிட்டீங்களா?”

இந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் சொல்லித் தப்பித்தவர் உலகத்தில் யாருமில்லை. எழுந்து உட்கார்ந்தேன். எதிரே மச்சான். என் வீட்டுக்காரியின் தம்பி. உளுந்தூர்பேட்டையில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறான். சம்பளம் வந்த நாலாம் தேதியே ‘இந்த மாசம் ரொம்ப நீளம்’ என்று அலுத்துக்கொள்ளும் ஜாதி. அதாவது, உங்களையும் என்னையும் போல.

சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். கவருக்குள் காகித மடிப்பு. மடிப்புக்குள் ஒரு தபால்தலை. ஊதா நிறம். பக்கவாட்டில் திரும்பிய ஜார்ஜ் வாஷிங்டன். இடது பக்கமும் வலது பக்கமும் பல் இருந்தது. மேலும் கீழும் மொழுக்.

“என்ன விலை இருக்கும், சொல்லுங்க?”

“மூணு சென்ட்டுன்னு அதுலயே போட்டிருக்கே?”

“அதான் மாமா! இந்த மூணு சென்ட்டை வித்து, பைபாஸ் பக்கத்துல நிஜமாவே மூணு சென்ட் மனை வாங்கப் போறேன்!”

பாயச மயக்கம் பறந்துவிட்டது.

விஷயம் இதுதான். அவன் தாத்தாவின் பழைய பெட்டியில் இந்த ஸ்டாம்ப் கிடைத்திருக்கிறது. போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறான். ‘மேலும் கீழும் பல் இல்லாத மூணு சென்ட் வாஷிங்டன், உலகத்திலேயே அபூர்வம், லட்சக்கணக்கில் விலை’ என்று அதில் ஒருவர் அடித்துச் சொன்னாராம். ஸ்டாம்ப்பை போட்டோ எடுத்து ஒரு புரோக்கருக்கு அனுப்பினான். அவர் ஐந்தே நிமிஷத்தில் ‘ஒரிஜினல் ஸார், வெளிநாட்டு ஏலத்தில் நாற்பது லட்சம் நிச்சயம்’ என்று பதில் போட்டுவிட்டார். ஒரே ஒரு சின்னச் சடங்கு பாக்கி. ரிஜிஸ்ட்ரேஷனுக்காக இருபத்தைந்தாயிரம் ரூபாயைத் திங்கட்கிழமைக்குள் கட்ட வேண்டும்.

“பணத்துக்கு?”

“அம்மாவோட ரெண்டு பவுன் செயின் இருக்கில்ல...”

உள்ளே அத்தை எதுவும் தெரியாமல் விருந்தாளிகளுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். செயின் கழுத்தில்தான் இருந்தது. அன்றைக்குச் சனிக்கிழமை.

நான் பி.காம். காலேஜில் படித்த பாதி மறந்து போச்சு. மறக்காத ஒரே விஷயம் ஆடிட்டிங் வாத்தியார் சொன்னது: “நோட்டில் எழுதியிருக்கு என்பது சாட்சி இல்லை. வவுச்சரைக் காட்டு!”

வவுச்சரைத் தேட ஆரம்பித்தோம்.

சுருள் ஸ்டாம்ப் பிறந்த கதை

முதலில், வீடியோக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. அப்படி ஒரு ஸ்டாம்ப் உண்டு.

1840-ல் இங்கிலாந்தில் உலகத்தின் முதல் தபால்தலை வந்தபோது அதற்குப் பல்லே கிடையாது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் ஒட்டினார்கள். நம் நாட்டில் 1852-ல் சிந்து மாகாணத்தில் வெளியான ‘சிந்த் டாக்’ தபால்தலையும் அப்படித்தான். கிழிக்க வசதியாக ஓட்டை போடும் பழக்கம் அப்புறம்தான் வந்தது. அந்த வரிசை ஓட்டைகளைக் கிழிக்கும்போது மிஞ்சுவதுதான் நாம் ‘பல்’ என்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தது. அமெரிக்காவில் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் கவர் அனுப்ப ஆரம்பித்தன. அத்தனைக்கும் குமாஸ்தா நாக்கால் நக்கி ஒட்ட முடியுமா? மெஷின் வந்தது. மெஷினுக்கு ஷீட் சரிப்படாது. பஸ் கண்டக்டர் மெஷினில் இருக்கிற டிக்கெட் ரோல் மாதிரி சுருளாக வேண்டும். டெட்ராய்ட் நகரத்து ஷெர்மாக் போன்றவர்கள், ஓட்டையே போடாத ஷீட்டுகளைத் தபால் இலாகாவிடம் வாங்கி, தாங்களே வெட்டிச் சுருளாக்கி, தங்கள் மெஷினுக்கு ஏற்ற மாதிரி ஓட்டை போட்டுக்கொண்டார்கள்.

1908-ல் அரசாங்கமே சுருள் தயாரிக்க இறங்கியது. ஒரு ஷீட்டில் 20-க்கு 20, மொத்தம் 400 ஸ்டாம்ப். ஒரு திசையில் மட்டும் ஓட்டை போட்டு, இன்னொரு திசையில் கத்தியால் கீற்றுக் கீற்றாக வெட்டினார்கள். அந்தக் கீற்றுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி 500 அல்லது 1000 கொண்ட சுருள் ஆக்கினார்கள். ஆகவே சுருள் ஸ்டாம்ப்புக்கு இரண்டு பக்கம் பல்; இரண்டு பக்கம் மொழுக்.

நம் மச்சானின் கனவு ஸ்டாம்ப் 1911-ல் பிறந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஆரஞ்ச்பர்க் என்று ஒரு ஊர். அங்கே பெல் என்ற மருந்துக் கம்பெனி டாக்டர்களுக்கு சாம்பிள் மருந்து அனுப்புவதற்காக மூணு சென்ட் சுருளைக் கேட்டு வாங்கியது. சாம்பிள் போய்ச் சேர்ந்தது. டாக்டர்கள் மருந்தை எடுத்துக்கொண்டு மேலுறையைக் குப்பைக் கூடையில் போட்டார்கள். ஸ்டாம்ப் சேகரிப்பவர்களுக்கு விஷயம் தெரிவதற்குள் கூடை காலி! தப்பிப் பிழைத்தவை மிகக் கொஞ்சம். இன்றைக்கு ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான டாலர்.

“பார்த்தீங்களா!” என்றான் மச்சான்.

“இரு. இனிமேல்தான் வில்லன் வரான்.”

கழித்தாலும் காசு, கூட்டினாலும் காசு

அதே வருஷங்களில் அதே மூணு சென்ட் வாஷிங்டன் சாதாரண ஷீட்டாகவும் ஏராளமாக அச்சானது. நாலு பக்கமும் பல் உள்ளது. உபயோகித்தது என்றால் இன்றைக்குச் சில டாலருக்கே கிடைக்கும். அதை எடுத்து மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் ‘சரக் சரக்’ என்று வெட்டினால்?

சுருள் ஸ்டாம்ப் ரெடி. முதலீடு: ஒரு கத்தரிக்கோல்.

இதில் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. இரண்டு சென்ட்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை ஓட்டை என்பதுதான் பல்லின் அளவு. முதலில் வந்த சுருள்களுக்கு 12. ஷீட்டுக்கும் அதே 12. ஆனால் 12 ஓட்டை போட்ட சுருள் மெஷினில் சட்சட்டென்று அறுந்துபோனது. அதனால் 1910-லிருந்து சுருளுக்கு மட்டும் எட்டரையாகக் குறைத்தார்கள். ஷீட்டில் எட்டரை கிடையாது. எனவே எட்டரைப் பல் சுருளை, ஷீட்டை வெட்டி உருவாக்க முடியாது. பல் 12 உள்ள சுருள்தான் ஏமாற்றுக்காரனுக்கு அல்வா. ஆரஞ்ச்பர்க் ஸ்டாம்ப் 1911-ல் வந்தாலும் அதற்குப் பல் 12-தான்!

மச்சான் ஓடிப்போய் ஸ்கேல் எடுத்து வந்து எண்ணினான். பன்னிரண்டு. “கரெக்ட்டா இருக்கு மாமா!” என்று குதித்தான். கரெக்ட்டாக இருப்பதுதான் பிரச்னையே என்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

வெள்ளைக்காரன் ஸ்டாம்ப்பில்தான் இந்த விளையாட்டு என்று நினைக்காதீர்கள். 1948 ஆகஸ்ட் 15-ல் காந்தி நினைவாக நாலு தபால்தலைகள் வெளியாயின. அதில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் பெரிய மதிப்பு. அப்போது கவர்னர் ஜெனரல் நம்ம ராஜாஜி. அவருடைய அலுவலக உபயோகத்துக்காக அந்த நாலிலும் ‘சர்வீஸ்’ என்ற சொல்லை மேலே அச்சடித்தார்கள். ஒவ்வொன்றிலும் நூறே நூறு. 2017-ல் அந்தப் பத்து ரூபாய் சர்வீஸ் ஸ்டாம்ப் நாலு சேர்ந்த ஒரு துண்டு ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்றது. சாதாரணப் பத்து ரூபாய் காந்திக்கும் இதற்கும் வித்தியாசம் ஒரே ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தையைத் திருட்டுத்தனமாக அச்சடித்த காந்திகள் உலா வராமல் இருக்குமா?

அமெரிக்க வாஷிங்டனில் பல்லைக் கழித்தால் காசு. இந்திய காந்தியில் எழுத்தைக் கூட்டினால் காசு. ஏமாற்றுக் கணக்கில் கழித்தலும் கூட்டலும் ஒரே லாபத்தில் முடிகிறது. இதை எந்த பி.காம் பாடத்திலும் சொல்லித் தரவில்லை.

போலி செய்வதிலும் மேதைகள் உண்டு. பிரான்ஸில் வாழ்ந்த ழான் டி ஸ்பெராட்டி என்பவர் கதை தெரியுமா? 1942-ல் அவர் போர்ச்சுகலுக்கு அனுப்பிய ஸ்டாம்ப்புகளை கஸ்டம்ஸ்காரர்கள் பிடித்தார்கள். இத்தனை விலையுயர்ந்த சரக்கை அனுமதியில்லாமல் அனுப்பலாமா என்று கேஸ். “ஐயா, அத்தனையும் நான் செய்த போலி” என்றார் இவர். நிபுணர்கள் பார்த்துவிட்டு “இல்லை, அசல்தான்” என்று சாதித்தார்கள். கடைசியில் தான் போலிக்காரன்தான் என்று நிரூபிக்க, அவர் மறுபடியும் அதே மாதிரி செய்து காட்ட வேண்டியதாயிற்று!

ஐந்து நிமிஷம் போட்டோ பார்த்துச் சொன்ன நம் புரோக்கரை நினைத்துக்கொண்டேன்.

இந்த ஊர்க்காரர் கேஸ்

“போட்டோவைப் பார்த்தே ஒரிஜினல்னு சொன்னாரு மாமா” என்றான் மச்சான் மறுபடியும்.

“டேய், நீ எந்த ஊர்க்காரன்? சுந்தரர் பிறந்த ஊரில் இருந்துகொண்டு இப்படிப் பேசலாமா?”

திருநாவலூர் இன்றைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. 2019-க்கு முன்னால் விழுப்புரம் மாவட்டம். பக்தஜனேஸ்வரர் கோயில் இருக்கிற இந்த ஊரில்தான் சுந்தரர் பிறந்தார். அவர் கல்யாணத்தை ஒரு கிழவர் வந்து நிறுத்திய கதையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் எழுதியிருக்கிறார். பக்திக் கதை என்று படித்திருப்பீர்கள். ஒரு தடவை ஆடிட்டர் கண்ணால் படித்துப் பாருங்கள்.

‘இந்தப் பையன் எனக்கு அடிமை. இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது’ என்கிறார் கிழவர். மாப்பிள்ளைக்குக் கோபம். ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கேஸ் திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. சபையார் கேட்கிறார்கள்: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, இந்த மூன்றில் எதைக் கொண்டு நிரூபிப்பாய்? அதாவது காலங்காலமான வழக்கமா, பத்திரமா, வெளியார் சாட்சியா?

கிழவர் சிரிக்காமல் சொல்கிறார்: ‘இவன் கிழித்தது படி ஓலை. மூல ஓலை என் கையில் பத்திரமாக இருக்கிறது.’

ஜெராக்ஸைக் கிழித்த மாப்பிள்ளை!

சபையார் அதோடு விட்டார்களா? இல்லை. கிழவர் சொன்னதை நம்பவில்லை. ஓலையை மட்டும் பார்த்தும் நம்பவில்லை. முதலில் சாட்சிக் கையெழுத்துகள் சரியா என்று பார்த்தார்கள். அப்புறம் பாட்டனார் வேறொரு சமயம் எழுதிக் காப்பில் வைத்திருந்த இன்னோர் ஓலையை வரவழைத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தை ஒப்பிட்டார்கள். ஒத்துப்போனது. பிறகுதான் தீர்ப்பு.

சந்தேகத்துக்குரிய ஒன்றை, சந்தேகமே இல்லாத இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார். அவ்வளவுதான் ஸார் சூத்திரம். லண்டனிலும் நியூயார்க்கிலும் லென்ஸோடு உட்கார்ந்திருக்கிற ஸ்டாம்ப் நிபுணர்கள் செய்வது, திருவெண்ணெய்நல்லூர் சபை செய்ததைத்தான்.

திண்ணையில் ஒரு சபை

திண்ணையிலேயே சபை கூடினோம். அத்தையின் சாமான்களிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி வந்தது. ஸ்டாம்ப்பைக் கையால் எடுக்கக் கூடாது. விரல் எண்ணெய் படும். புருவம் திருத்தும் இடுக்கி உதவியது. அதன் சொந்தக்காரியின் முறைப்பை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

முதலில் ஆவணம். ஸ்டாம்ப்பின் உடம்பே ஆவணம்தான். ஒப்பிட ஓர் அசல் வேண்டுமே? பெட்டியில் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. அதற்குள் ஒட்டாத உதிரி ஸ்டாம்ப்புகள். நடுவே அதே வரிசையைச் சேர்ந்த சிவப்பு இரண்டு சென்ட் வாஷிங்டன், நாலு பக்கமும் பல்லோடு. இரண்டுக்கும் படத்தின் அளவு ஒன்றுதான்.

சுருள் ஸ்டாம்ப்பைக் கத்தியால் வெட்டுவது இரண்டு ஸ்டாம்ப்புக்கு நடுவில். ஆகவே அசல் சுருளின் உயரம், பல் உள்ள ஸ்டாம்ப்பின் உயரத்தை ஒட்டியே இருக்க வேண்டும். பல்லை வெட்டி எடுத்ததென்றால் குள்ளமாகிவிடும். ஊதாவைச் சிவப்பின் மேல் வைத்தோம். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், சிவப்பு எட்டிப் பார்த்தது.

“அந்தக் காலத்துல கொஞ்சம் முன்னே பின்னே வெட்டியிருக்க மாட்டாங்களா மாமா?”

நியாயமான கேள்வி. ஓட்டை வரிசைகள் எப்போதும் ஒரே இடைவெளியில் விழுந்ததில்லை. உயரத்தில் வித்தியாசம் வரலாம். அதிலும், அளவு மீறிப் பெரிதாக இருக்கும் ஷீட் ஸ்டாம்ப்பைத் தேடிப் பிடித்து வெட்டுகிற ஜகஜ்ஜால போலிகளும் உண்டு. அதனால் உயரம் மட்டும் தீர்ப்பு ஆகாது. அடுத்து ஓரம். கத்தி வெட்டிய இரண்டு ஓரமும் தண்டவாளம் மாதிரி இணையாகப் போக வேண்டும். பூதக்கண்ணாடியில் பார்த்தால், கீழ் ஓரம் இடப்பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. அதைவிட, அந்த ஓரத்தில் நகக்கீறல் மாதிரி மூன்று சின்னச் சின்னப் பள்ளங்கள். சம இடைவெளியில்.

ஓட்டையின் மிச்சம். வெட்டியவர் கை ஒரு மயிரிழை கீழே இறங்கிவிட்டது.

மச்சான் பேசவில்லை.

நிபுணர்கள் இதற்கு மேலும் போவார்கள். தாளை இருட்டுத் தட்டில் கவிழ்த்து, அதற்கென்றே உள்ள திரவத்தில் நனைத்து வாட்டர்மார்க் பார்ப்பார்கள். அமெரிக்க ஸ்டாம்ப் தாளில் 1910 வாக்கில் இரட்டைக் கோட்டு எழுத்து போய் ஒற்றைக் கோட்டு எழுத்து வந்தது. தவறான எழுத்து தெரிந்தால் ஆள் மாட்டினான். பல்லே இல்லாத ஸ்டாம்ப்பில் புதிதாக ஓட்டை போட்ட கேஸ் என்றால், ஓட்டைகளின் இடைவெளியும் வடிவமும் அசலோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். ஒற்றையாக இல்லாமல் ஜோடியாகக் கிடைத்தால் பரிசோதிக்க இன்னும் வசதி. அதனால்தான் பழைய சுருள்களை ஜோடியாக வாங்கவே விரும்புகிறார்கள்.

இரண்டாவது ஆட்சி. எப்படி உபயோகமானது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது? உபயோகித்த ஆரஞ்ச்பர்க் ஸ்டாம்ப்பை அடையாளம் காண்பதே அந்த ஊர் தபால் முத்திரையை வைத்துத்தான். நம் ஊதா வாஷிங்டன் மேல் இருந்தது சிகாகோ முத்திரை. வாங்கியது ஆரஞ்ச்பர்க் கம்பெனி, அனுப்பியதும் அங்கிருந்தே. சிகாகோவுக்கு இங்கே என்ன வேலை?

“சரி, இது பெட்டியில எங்கே இருந்தது?”

“ஒரு நோட்டுல ஒட்டியிருந்தது மாமா. ஆவி காட்டி எடுத்தேன்.”

“நோட்டை எடுத்துட்டு வா.”

நீளமான பழைய கணக்கு நோட்டு. தாத்தா கடலூரில் பள்ளிக்கூடம் படித்தபோது சேர்த்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் சின்னச் சின்னக் கட்டம். கட்டத்துக்குள் கோந்து போட்டு ஒட்டிய ஸ்டாம்ப். ஜெர்மனி, பெல்ஜியம், ஜப்பான், சிலோன். கட்டம் ஸ்டாம்ப்பைவிடக் கொஞ்சம் குட்டையாகப் போய்விட்டது போலிருக்கிறது. அந்தப் பையன் கட்டத்தை மாற்றவில்லை, ஸ்டாம்ப்பை மாற்றிவிட்டான். ஒவ்வொன்றிலும் மேலேயும் கீழேயும் பல் இல்லை. ஐந்தாம் ஜார்ஜுக்கும் இல்லை. சிலோனுக்கும் இல்லை.

மாநிலத்துக்கு மாநிலம் சதி இல்லை. ஏமாற்றும் எண்ணம் இல்லை. பத்து வயசுப் பையனின் சுத்தம்!

அத்தை எட்டிப் பார்த்தார். “எங்க மாமனார் நோட்டா? பேப்பரைக்கூட ஓரம் வெட்டித்தான் படிப்பார். என்ன மாப்ளே, ஏதாச்சும் காசு பெறுமா?”

“இல்லை அத்தை.”

“பெறாட்டி என்ன, பத்திரமா வைங்க” என்று மோர்ச் சொம்போடு போய்விட்டார்.

மூன்றாவது சாட்சி

மூன்றாவது, அயலார் காட்சி. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. உங்களுக்கு ஒருநாள் தேவைப்படலாம். நம் எல்லார் வீட்டிலும் ஒரு தாத்தா பெட்டி இருக்கிறதே!

விலை உயர்ந்த ஸ்டாம்ப் என்று சந்தேகம் வந்தால், விற்க வருகிறவரும் வாங்க வருகிறவரும் சொல்வது சாட்சி இல்லை. இரண்டு பேருக்கும் அதில் காசு இருக்கிறது. சாட்சி வெளி ஆளாக இருக்க வேண்டும். 1869-ல் தொடங்கிய லண்டன் ராயல் ஃபிலாட்டலிக் சொசைட்டி, 1945-ல் தொடங்கிய நியூயார்க் ஃபிலாட்டலிக் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. ஸ்டாம்ப்பை நேரில் அனுப்ப வேண்டும். கட்டணம் உண்டு. ஆராய்ந்து, அந்த ஸ்டாம்ப்பின் படத்தோடு சர்டிபிகேட் தருவார்கள். ‘அசல்’ என்றும் வரலாம். ‘வெட்டப்பட்டது’ என்றும் வரலாம். ‘கருத்துச் சொல்ல இயலவில்லை’ என்றும் வரலாம். நாற்பது லட்சம் கிடைக்கும் என்று மட்டும் யாரும் எழுதித் தர மாட்டார்கள். கருத்துக்குக் காசு வாங்குவது வேறு. கனவுக்குக் காசு வாங்குவது வேறு.

இன்னொரு விஷயம். வெட்டிய பல் திரும்ப முளைக்காது. பெட்டியில் எது கிடைத்தாலும் வெட்டாதீர்கள், கழுவாதீர்கள், ஆவி காட்டாதீர்கள். முடிந்தால் கவரோடு அப்படியே வையுங்கள். கவரும் முத்திரையும்தான் ஸ்டாம்ப்பின் ஜாதகம்.

திங்கட்கிழமை காலை மச்சானுக்குப் புரோக்கரிடமிருந்து போன் வந்ததாம். இவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறான்: “ஸார், படி ஓலையைப் பார்த்து ஒரிஜினல்னு சொன்னீங்களே, மூல ஓலையை எப்ப நேர்ல வந்து பார்க்கறீங்க?”

லைன் கட். அதற்கப்புறம் போனே வரவில்லை.

ஊதா வாஷிங்டன் மறுபடி தாத்தாவின் கட்டத்துக்குள் போய்விட்டார். கன கச்சிதமாகப் பொருந்தினாராம். திருநாவலூர் சுந்தரர், ஓலை நிஜம் என்று ஆனதால் கேஸில் தோற்றார். அதே ஊர் மச்சான், ஸ்டாம்ப் பொய் என்று ஆனதால் ஜெயித்தான். எவ்வளவு ஜெயித்தான் என்று கேட்கிறீர்களா?

ரொக்கம் இருபத்தைந்தாயிரம். அத்தை கழுத்தில் ரெண்டு பவுன்.

மூணு சென்ட்டுக்கு இது மோசமில்லை!